பழைய டெஸ்க்டாப் மென்பொருளுக்கு மறுவாழ்வு: எதை முதலில் தொடுவது?

ஜிம்ப் என்ற படத் திருத்தியை 1995ல் எழுதத் தொடங்கியவர்கள் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள். மெனுவும் பொத்தானும் வரைவதற்கு முதலில் மோட்டிஃப் என்ற தொகுப்பைப் பயன்படுத்தினார்கள். அது கட்டற்ற மென்பொருள் இல்லை, அவர்களுக்குப் பிடிக்கவும் இல்லை. சரி, நாமே எழுதிக்கொள்வோம் என்று எழுதியதுதான் ஜிடிகே. 'ஜிம்ப் டூல்கிட்' என்பதன் சுருக்கம் அது. பின்னாளில் லினக்ஸின் குனோம் டெஸ்க்டாப் முழுவதும் அதன் மேல்தான் எழுந்தது. ஜிடிகேயின் 3ஆம் பதிப்பு 2011ல் வந்தது. ஜிடிகே யாருக்காகப் பிறந்ததோ அந்த ஜிம்ப், 3ஆம் பதிப்புக்கு மாறி முடித்து வெளிவந்தது 2025 மார்ச்சில். பதினான்கு ஆண்டுகள். அதற்குள் ஜிடிகே 4 வந்தே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

யாரும் சோம்பிக் கிடந்ததால் இப்படி ஆகவில்லை. வயதான ஒரு மென்பொருளைப் புதுப்பிப்பதில் என்னென்ன சிக்கல் உண்டோ, அத்தனையும் இந்தப் பதினான்கு ஆண்டுக்குள் இருக்கின்றன.

மென்பொருளுக்குத் துருப்பிடிக்காது. 2003ல் எழுதிய வரி இன்றும் ஒரு புள்ளி மாறாமல் அப்படியே இருக்கும். ஆனாலும் ஓடாது. அது நின்றுகொண்டிருந்த தரை நகர்ந்துபோயிருக்கும். 2019 அக்டோபரில் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் நிரல்களை ஓட்டுவதையே நிறுத்திவிட்டது. பைத்தான் நிரல்மொழியின் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ல் முடிந்தது. ஜிடிகே போலவே மெனுவும் பொத்தானும் வரையும் இன்னொரு தொகுப்பான க்யூட்டியின் 4ஆம் பதிப்புக்கு 2015 இறுதியில் கதவு சாத்தப்பட்டது. ஒவ்வொரு தேதியிலும், முதல் நாள்வரை நன்றாக ஓடிய நிரல்கள் யாரும் தொடாமலேயே பழசாகின.

இப்படி நின்றுபோன ஒன்றைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முகப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். புது ஐகான், வட்ட முனைப் பொத்தான், கறுப்புத் தோற்றம். ஆசை புரிகிறது. செய்த வேலை கண்ணுக்குத் தெரியும், படம் எடுத்துக் காட்டலாம், நாலு பேர் கைதட்டுவார்கள். ஆனால் இந்த முயற்சிகள் பாதியில் நிற்பதைப் பார்க்கும்போது, திறமை போதாமல் நின்றதைவிட வரிசை பிசகி நின்றதே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் பில்ட், அப்புறம் கோப்புகள், அப்புறம் அடித்தளம், கடைசியில்தான் முகம்.

பில்ட் என்றால், மூலநிரலை இறக்கி, ஒரு கட்டளை கொடுத்து, ஓடக்கூடிய நிரலாக மாற்றுவது. கேட்க எளிது. பத்து வருடம் தொடாத திட்டத்தில் இதற்கே சில வாரங்கள் போய்விடும். நிரல் நம்பியிருக்கும், பிறர் எழுதிய நூலகங்களில் ஒன்றின் இணையதளமே இருக்காது. இன்னொன்று பெயர் மாறியிருக்கும். எல்லாம் கிடைத்தாலும், மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர் மறுக்கும். சி மொழியில் ஒரு செயற்கூற்றை முன்னறிவிப்பு இல்லாமல் அழைக்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டின் தரநிலையே அதை நீக்கிவிட்டது. ஆனால் கம்பைலர்கள் கால் நூற்றாண்டாக ஒரு எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். 2024ல் வந்த ஜிசிசி 14 என்ற கம்பைலர் அதைப் பிழையாகவே ஆக்கிவிட்டது. அன்றுவரை கம்பைல் ஆன எத்தனையோ பழைய நிரல்கள் அத்தோடு நின்றன.

இந்த வேலையில் பெருமை எதுவும் இல்லை. ஆனால் புதிதாக வரும் ஒருவர் ஒரே மாலையில் பில்ட் செய்ய முடியாத திட்டத்துக்கு இரண்டாவது ஆள் வரவே மாட்டார். லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை எழுதுபவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அதன் வேர் 1980களில் ஜெர்மனியில் மார்கோ போரிஸ் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தில் இருக்கிறது. 1999ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, அடுத்த ஆண்டு ஓப்பன் ஆபிஸாகத் திறந்துவிட்டது. சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு, 2010 செப்டம்பரில் லிப்ரே ஆபிஸ் தனியாகப் பிரிந்தது. பிரிந்தவர்கள் கையில் கிடைத்தது லட்சக்கணக்கான வரிகள் கொண்ட மலை. நிரலுக்குள் விளக்கமாக எழுதிவைத்த குறிப்புரைகளில் பெரும்பகுதி ஜெர்மன் மொழியில். பில்ட் செய்யும் கருவியோ வேறு யாரும் பயன்படுத்தாத ஒன்று.

அவர்கள் முகப்பைத் தொடவில்லை. ஜெர்மன் குறிப்புரைகளை ஆங்கிலத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். அது முடியவே சில ஆண்டுகள் ஆயின. பில்ட் முறையைப் பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த 'மேக்' (make) என்ற பில்ட் கருவிக்குக் கொண்டுவந்தார்கள். எங்கிருந்தும் அழைக்கப்படாமல் செத்துக் கிடந்த நிரலைத் தேடித் தேடி வெட்டி எறிந்தார்கள். புதியவர்கள் கைவைக்கக்கூடிய சின்னச் சின்ன வேலைகளை 'ஈசி ஹேக்ஸ்' என்று தனியாக எடுத்து வைத்தார்கள். பயனருக்கு இதில் எதுவுமே தெரிந்திருக்காது. ஆனால் அடுத்து வந்த மாற்றங்களைச் செய்த கைகள் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தன. அதே மூலநிரலின் இன்னொரு கிளை அப்பாச்சி அறக்கட்டளையிடம் போனது. 2016ல் அங்கே ஆள் போதாமல், திட்டத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது.

பில்ட் ஆகிவிட்டது, நிரல் திறக்கிறது. இனிமேல்தான் நிஜமான ஆபத்து. ஒரு டெஸ்க்டாப் மென்பொருளின் பெரிய சொத்து அதன் நிரல் இல்லை. அதில் மக்கள் இருபது வருடமாகச் சேமித்து வைத்திருக்கும் கோப்புகள். அவற்றில் ஒன்று தவறாகத் திறந்தாலும் நம்பிக்கை போய்விடும். எளிதில் திரும்பாது.

தவறாகத் திறப்பதற்கு வழிகள் ஏராளம். பழைய சி நிரல்கள், நினைவகத்தில் இருப்பதை அப்படியே அள்ளிக் கோப்பில் கொட்டிவிடும். 'லாங்' என்ற எண் வகை 32 பிட் கணினிகளில் 4 பைட். 64 பிட் லினக்ஸில் 8 பைட். 64 பிட் விண்டோஸில் மறுபடியும் 4 பைட். அதே மூலநிரல், அதே கோப்பு, கணினிக்குக் கணினி வேறு கதை. கோப்பு திறக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். திறந்து, ஒரு எண் மட்டும் மாறி, அதை யாரும் கவனிக்காமல் மறுபடி சேமிக்கப்படுவதுதான் மோசம்.

இங்க்ஸ்கேப்பில் நடந்தது இன்னும் நுட்பமானது. அந்த வரைகலைக் கருவி ஒரு அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று வைத்துக்கொண்டிருந்தது. இணையத் தரநிலைகள் 96 என்று நிலைத்துவிட்டதால், 2017 ஜனவரியில் வந்த 0.92 பதிப்பில் 96க்கு மாறினார்கள். முழுக்கச் சரியான முடிவு. ஆனால் பழைய கணக்கில் 10 சென்டிமீட்டர் இருந்த படம் புதிய கணக்கில் 9.375 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் படத்தை லேசர் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புபவருக்கு ஒரு பலகை வீண். அதனால் பழைய கோப்பைத் திறந்ததும், இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்கும் ஒரு பெட்டியையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு.

எனவே நிரலில் எதையும் திருத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கிடைக்கும் பழைய கோப்புகளையெல்லாம் சேர்த்து, பழைய நிரல் அவற்றை எப்படிக் காட்டுகிறது, எப்படிச் சேமிக்கிறது என்று பதிந்துவைப்பது. பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே கோப்புகளைக் கணினியே திறந்து, சேமித்து, ஒப்பிட்டுப் பார்க்கும். எது சரி என்ற கேள்வியே இந்தச் சோதனையில் எழாது. நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படி இருக்கிறதா, அவ்வளவுதான். பழைய நிரலில் ஒரு வழு இருந்தால் அந்த வழுவும் அப்படியே தெரிய வேண்டும். அதைத் திருத்துவது தனி முடிவு, தனி நாள். ஏனென்றால் அந்த வழுவை நம்பியே யாராவது வேலை செய்துகொண்டிருக்கலாம்.

கோப்பு வடிவத்தை மாற்றவே கூடாது என்றும் இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தி முன்பெல்லாம் ஒரு சிறிய திட்டக் கோப்பையும், பக்கத்தில் நூற்றுக்கணக்கான ஒலித் துண்டுகள் கொண்ட ஒரு அடைவையும் உருவாக்கும். சிறிய கோப்பை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துப்போய்விட்டு, ஒலியைக் காணோம் என்று தலையில் கைவைத்தவர்கள் எத்தனை பேரோ. 2021 மார்ச்சில் வந்த 3.0, எல்லாவற்றையும் எஸ்க்யூலைட் தரவுத்தளமாக ஒரே கோப்புக்குள் அடக்கிவிட்டது. பழைய திட்டங்களை இறக்குமதி செய்யும் வழியையும் கூடவே வைத்தது. வெளியே பார்த்தால் அதே பழைய ஆடாசிட்டிதான். ஆனால் பயனர்களின் பெரிய வலி ஒன்று தீர்ந்தது. முகம் மாறாமலே நவீனப்படுத்துவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பெரிய சபலம் வரும். நிரலைப் படிக்கப் படிக்க, இத்தனை அசிங்கத்தை யார் சுமப்பது, முதலிலிருந்து எழுதிவிடலாமே என்று தோன்றும். நெட்ஸ்கேப்புக்கும் தோன்றியது. 1998 மார்ச் 31ல் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்துவிட்டு, சில மாதங்களிலேயே பழைய எந்திரத்தை ஓரம்கட்டி, கெக்கோ என்ற புதிய எந்திரத்தின் மேல் எல்லாவற்றையும் எழுதத் தொடங்கியது. நெட்ஸ்கேப் 4 வந்தது 1997ல். 6 வந்தது 2000 நவம்பரில். 5 வரவே இல்லை. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் களத்தை எடுத்துக்கொண்டது. நிறுவனம் தோற்றது. ஆனால் மூலநிரல் திறந்திருந்ததால் முயற்சி சாகவில்லை. மொசில்லா 1.0 2002லும் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 2004 நவம்பரிலும் வந்தன. ஆக, மறுபடி எழுதுவது எப்போதுமே தவறு என்று என்னால் சொல்ல முடியாது. ஆறு ஆண்டு காத்திருக்க யாராவது இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஓய்வு நேரத்தில் உழைக்கும் இரண்டு மூன்று பேருக்கு அந்தப் பொறுமையும் இருக்காது, பயனர்களும் இருக்க மாட்டார்கள்.

படிக்க அசிங்கமாக இருக்கும் வரிகளில் பாதி, யாரோ ஒருவருடைய விநோதமான அச்சுப்பொறிக்காகவோ உடைந்த கோப்புக்காகவோ எழுதியவை. அந்தக் காரணத்தை யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். புதிதாக எழுதினால் அதே குழிகளில் ஒவ்வொன்றாக மறுபடி விழ வேண்டியதுதான்.

பனை மரத்தின் மேல் விழுந்த ஆலம்விதை செய்வதே பாதுகாப்பான வழி. பனையைச் சுற்றி வேர் இறக்கி, தரையைத் தொட்டு, தானே நிற்கும் பலம் வந்த பிறகும் பனை உள்ளே இருந்துகொண்டே இருக்கும். ஜிம்ப் தன் வண்ணக் கணக்குகளை கெகல் என்ற புதிய எந்திரத்துக்கு மாற்றியது இப்படித்தான். 2012ல் மையப் பகுதியின் பெரும்பங்கு சில வாரங்களில் மாறிவிட்டது. ஆனால் அதன் பலன் முழுதாகப் பயனர் கைக்கு வந்தது 2018 ஏப்ரலின் 2.10 பதிப்பில். அதுவரை ஒரு வண்ணத்துக்கு 8 பிட் என்று இருந்தது 16, 32 பிட் என்று விரிந்தது. பிறகு அதே எந்திரத்தை நம்பித்தான் 3.0ல், படத்தைச் சிதைக்காமல் பின்னர் திருத்திக்கொள்ளக்கூடிய வடிகட்டிகள் வந்தன. நடுவில் ஒரு நல்ல முடிவும் எடுத்தார்கள். 2.10க்குப் பிறகு, பெரிய பதிப்புக்குக் காத்திருக்காமல் சின்ன வெளியீடுகளிலும் புதிய வசதிகளைத் தரத் தொடங்கினார்கள். இல்லையென்றால் 3.0 வருவதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்நிபந்தனை, வேலை செய்யும் பகுதியையும் காட்டும் பகுதியையும் பிரிப்பது. பழைய டெஸ்க்டாப் நிரல்களில் 'சேமி' பொத்தானை அழுத்தியதும் ஓடும் செயற்கூற்றுக்குள்ளேயே கோப்பை எழுதும் வேலை, பிழைச் செய்தி காட்டும் வேலை, மெனுவைச் சாம்பல் நிறமாக்கும் வேலை எல்லாம் முந்நூறு நானூறு வரிகளுக்குப் பின்னிக் கிடக்கும். பொத்தானை வரையும் தொகுப்பை மாற்றினால் கோப்பு எழுதுவதும் உடையும். அந்த முடிச்சை அவிழ்த்து, கோப்பு எழுதும் பகுதி திரையே இல்லாமல் ஓட வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், மேலே ஜிடிகே வைப்பதா க்யூட்டி வைப்பதா என்பதை அப்புறம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

அடித்தளத்தை மாற்றும்போது நிரல் குறைவதும் உண்டு. லிப்ரே ஆபிஸ் முன்பு எழுத்துகளை அடுக்க விண்டோஸில் ஒரு முறை, மேக்கில் ஒரு முறை, லினக்ஸில் இன்னொரு முறை என்று வைத்திருந்தது. 'கொ' போன்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும் என்ற கணக்கை மூன்று இடங்களில் மூன்று பேர் போட்டார்கள். ஒரே ஆவணம் மூன்று கணினிகளில் மூன்று விதமாக வரி மடங்கும். 2017ல் வந்த 5.3 பதிப்பு எல்லா இடத்திலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நூலகத்துக்கு மாறியது. தமிழ் போன்ற மொழிகளில் எழுதுபவர்களுக்கு எந்தப் புதுத் தோற்றத்தையும்விட இது பெரிய செய்தி.

எல்லா இடமாற்றமும் இப்படி இனிமையாக முடிவதில்லை. லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும், 1987லிருந்து வரும் எக்ஸ்11 முறையின் இடத்தை வேலாண்ட் என்ற புதிய முறை பிடித்துக்கொண்டிருக்கிறது. எக்ஸ்11ல் ஒரு நிரல் தன் விண்டோவைத் திரையில் எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்யலாம், அடுத்த நிரலின் படத்தைக்கூட எட்டிப் பார்க்கலாம். பாதுகாப்பு கருதி வேலாண்ட் இரண்டையும் அனுமதிப்பதில்லை. கருவிப்பட்டைகளைத் தனித்தனி விண்டோக்களாகத் திரையெங்கும் பரப்பி வைக்கும் பழைய நிரலுக்கும், திரையின் எந்தப் புள்ளியிலிருந்தும் நிறத்தை உறிஞ்சும் கருவிக்கும் இது நேரடி அடி. இங்கே பழைய நடத்தையை அப்படியே காப்பாற்ற வழியில்லை. புதிதாக யோசிக்கத்தான் வேண்டும்.

இதைவிடக் கசப்பானது, ஒரு மென்பொருளுக்குக் கூடுதல் வசதி தர மற்றவர்கள் எழுதும் நீட்சிகளின் கதை. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 வேகமாக இருந்தது, ஆனால் பழைய வகை நீட்சிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கைவிட்டது. மின்னூல் நிர்வாகக் கருவியான காலிபர் 2020 செப்டம்பரில் தன் 5ஆம் பதிப்பில் பைத்தான் 3க்கு மாறியபோது, மாற்றி எழுதப்படாத செருகுநிரல்கள் நின்றன. ஜிம்ப் 3லும் அதே நிலை. தொழில்நுட்பக் காரணம் மூன்றிலும் உறுதியானது. ஆனால் அந்த நீட்சியை எழுதியவர் பல வருடம் முன்பே போய்விட்டிருப்பார், அதை நம்பியவர் இன்னும் இருப்பார். பரவலாகப் பயன்படும் பத்துப் பதினைந்து நீட்சிகளைப் புதுப்பிக்கும் குழுவே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும் என்பது என் எண்ணம். வெறும் வழிகாட்டி ஆவணம் எழுதி வைப்பதால் அது அடங்காது.

முகத்துக்கு இப்போதுதான் வருகிறோம். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலைக் கருவி பல ஆண்டுகளாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வலது சொடுக்கைக் கேட்டது. உலகம் முழுக்க இடது சொடுக்கு. 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பு இடதுக்கு மாறியது. ஆனால் முதல்முறை திறக்கும்போதே எது வேண்டும் என்று கேட்டது, வலதையும் விட்டுவைத்தது. பயனரின் விரல்களில் ஊறிய பழக்கத்தையும் ஒரு கோப்பு வடிவம் மாதிரி மதித்தார்கள் என்றே இதைப் பார்க்கிறேன். மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டின் 2023 ஜூலைப் பதிப்பும் மடல்களைக் கார்டுகளாகக் காட்டும் காட்சியைக் கொண்டுவந்தது. பழைய அட்டவணைக் காட்சி வேண்டுமென்றால் அதுவும் இருந்தது. எழுத்து நெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி வைத்தது.

தண்டர்பேர்டின் கதையில் பணமும் வருகிறது. 2012ல் மொசில்லா, இதில் இனி புதிய வசதிகளுக்கு முன்னுரிமை இல்லை என்று அறிவித்தது. 2020ல் தண்டர்பேர்ட், மொசில்லாவின் கீழேயே ஒரு தனி நிறுவனமாக மாற்றப்பட்டது. பயனர்களிடம் நேரடியாக நன்கொடை கேட்டார்கள். 2022ல் மட்டும் 64 லட்சம் டாலர் வந்தது. அந்தப் பணத்தில்தான் ஆட்கள் வந்தார்கள், ஆட்கள் வந்த பிறகுதான் முகம் மாறியது. ஆடாசிட்டியில் வேறு மாதிரி. 2021ல் மியூஸ் குழுமம் அதை வாங்கியது. அடுத்த சில நாட்களிலேயே பயன்பாட்டுத் தரவு சேகரிக்கும் நிரலைச் சேர்க்க முன்மொழிந்தது. எதிர்ப்பு வெடித்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டாலும், ஜூலையில் வந்த தனியுரிமை அறிக்கை எதிர்ப்பை மறுபடி கிளப்பிவிட்டது. சிலர் தனிக் கிளையே தொடங்கினார்கள். அதன்பின் ஆடாசிட்டிக்கு நல்ல வசதிகள் பல வந்தன. ஆனால் வீட்டுக்குள் வந்த முதல் வாரத்திலேயே அலமாரியைத் திறந்தால் யாருக்கும் பிடிக்காதுதான்.

சாவியை வைத்திருப்பவர் யார் என்பது இன்னொரு சிக்கல். பழைய திட்டத்தின் இணைய முகவரி, வெளியீட்டுக் கையொப்பம் எல்லாம் பல நேரம் ஒரே ஒருவரிடம் இருக்கும். அவர் மடலுக்குப் பதில் போட மாட்டார். போட்டாலும் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல 2024க்குப் பிறகு யாருக்கும் வாய் வராது. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நூலகத்தை ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். ஒரு புனைபெயர் ஆள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்றார். வேறு சில முகமற்ற கணக்குகள், பொறுப்பைக் கைமாற்று என்று பராமரிப்பாளரை நெருக்கின. பொறுப்பு கிடைத்ததும் உள்ளே பின்கதவு நுழைந்தது. கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்ததால் மட்டுமே 2024 மார்ச்சில் அது பிடிபட்டது.

எனவே பொறுப்பைக் கேட்டு வாங்குவதற்கு முன்னால் வேலையைக் காட்டுவது நல்லது. தனிக் கிளையில், பெயரை லேசாக மாற்றி, ஒரு சலிப்பான முதல் வெளியீடு. புதிய வசதி எதுவும் வேண்டாம். இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் எச்சரிக்கை காட்டாமல் நிறுவ முடிய வேண்டும், பழைய கோப்பு திறக்க வேண்டும், அவ்வளவு போதும். அப்படி ஒன்று வந்ததும், அந்த ஒரு மென்பொருளுக்காகவே பழைய கணினி ஒன்றை மூலையில் வைத்துக் காப்பாற்றிவந்தவர்கள் மடல் எழுதுவார்கள். பாதி நன்றி, பாதி புகார். இது திறக்கவில்லை என்று ஒரு கோப்பையும் இணைத்திருப்பார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு அந்தக் கோப்பை முதலில் சோதனை அடைவில் சேர்க்க வேண்டும். பதில் மடல் அப்புறம்.